வண்டி வேஷமும் ஊதாக் கன்னமும்

சிரங்கு பிடித்தவன் கையும் சீட்டாடுகிறவன் கையும் சும்மா இருக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சீட்டு நான் ஆடியதில்லை. மற்றது எனக்கு வந்தது. கையில் கூட வரவில்லை, மூஞ்சியில் வந்தது. அதுவும் ஒருத்தர் வீட்டில் என்னைப் பார்த்துப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிற நேரமாகப் பார்த்து வந்தது.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை எங்கேயோ நடந்தாலும் எங்களுக்கு மண்ணெண்ணெயாகவும் துணியாகவும் வந்து சேர்ந்தது. அதாவது இரண்டும் வராமல் போயின. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானம் பார்த்த பூமி. அறுப்பு முடிந்து கொட்டாய்க்குள் தானியம் போன பிறகு, அடுத்த மழை வரும் வரைக்கும் காட்டில் வேலை கிடையாது. அந்த இடைவெளியில் நாங்கள் ஒரு பத்துப் பேர் ஜமா கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூத்தாடப் போவோம். அம்மன் கோயில் திருவிழா எங்கே உண்டோ அங்கே எங்கள் வேஷப்பெட்டியும் உண்டு.

எனக்கு வண்டி வேஷம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவின் கடைசிக்கு முந்தின நாள் காலையில் ஒரு மாட்டுவண்டியில் வாழைமரம் கட்டுவார்கள். நடுவில் ராகிக் களியைக் குன்று மாதிரி குவித்து, சுற்றிலும் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை எல்லாம் வைப்பார்கள். அதன் பின்னால் மூஞ்சி பூராவும் சிவப்புப் பூசி, மீசையை முறுக்கி, கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பலசாலி உட்கார்ந்திருப்பான். வண்டி தெருத்தெருவாகப் போகும். பலசாலி தின்றுகொண்டே போவான். அவ்வளவுதான் வேஷம். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது. எனக்குக் குரல் சரியில்லை, ஆனால் வயிறு நன்றாக இருந்தது. அதனால் வாத்தியார் என்னை அங்கே உட்கார வைத்தார். வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்ல. ஜமாவை நடத்துகிறவர், ராஜா வேஷம் கட்டுகிறவர்.

தின்பது மட்டும் என்றால் யாரும் செய்வார்கள். முக்கியமான வேலை வேறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி நிற்கும். தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பலசாலி குழந்தையை வாங்கி, அதன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து ஒரு தேய் தேய்க்க வேண்டும். சிவப்புச் சாயம் குழந்தைக் கன்னத்தில் ஒட்டும். சாயம் ஒட்டினால் பலம் ஒட்டும் என்பது நம்பிக்கை. அந்தச் சாயத்தை யாரும் கழுவ மாட்டார்கள், தானாக மறையும் வரை விட்டுவிடுவார்கள். திருவிழாக் காலத்தில் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் கன்னத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், இங்கே வண்டி வந்து போய்விட்டது என்று.

அந்த வருஷம் ஏரியூர்ப் பக்கம் ஒரு ஊரில் எங்களுக்குக் கூத்து. அந்த ஊரில்தான் எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மாட்டுத் தரகர், சந்தை சந்தையாகப் போகிறவர். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. அவர் மனைவிக்குத்தான் சந்தேகம். கூத்தாடுகிறவனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அந்தம்மா இழுத்தார்கள். கடைசியில், எங்கள் ஊர்த் திருவிழாவில் பையனைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் அம்மாவுக்கு அந்தச் சம்பந்தத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. எனக்கு இல்லையா என்றால், எனக்கும்தான். அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்த்திருந்தேன். தண்ணிக் குடத்தை இறக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தக் காலத்தில் அது பெரிய தைரியம்.

இனி துணிக்கு வருகிறேன். எங்கள் ஜமாவில் வேஷம் கலைக்க ஒரே ஒரு துணிதான். விளக்கெண்ணெயை மூஞ்சியில் தடவி, சாயத்தை இளக்கி, அந்தத் துணியால் துடைத்து எடுப்போம். முதலில் வாத்தியார் துடைப்பார். அடுத்தது மந்திரி வேஷம். அதற்குப் பிறகு பெண் வேஷம். அதற்கும் பிறகு நான். இப்படி மரியாதை வரிசைப்படி போய், கடைசியில் கோமாளிக்கு வரும். அந்தத் துணியைத் துவைக்கக் கூடாது என்பது வாத்தியாருடைய வாத்தியார் காலத்துச் சட்டம். துவைத்தால் வேஷத்தின் களை தண்ணீரோடு போய்விடுமாம். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு புதுத் துணியாவது வாங்குவார்கள். சண்டை வந்து துணிக்குக் கண்ட்ரோல் வந்த பிறகு அதுவும் நின்றது. கட்டிக்கொள்ளவே துணியில்லாதபோது துடைத்துக்கொள்ள எங்கே போவது? அந்தத் துணி செம்மறியாட்டுத் தோல் மாதிரி கனத்துப்போய், நிறுத்தி வைத்தால் நிற்கும் போலிருந்தது.

முதலில் வாத்தியாருக்குத்தான் வந்தது. சவரம் செய்தபோது தாடையில் ஒரு கீறல். அது ஆறாமல் நீர் கோத்தது, உடைந்தது, மேலே மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. வெல்லப்பாகு சொட்டிக் காய்ந்தது போல இருந்தது. அவர் அதன் மேலேயே சாயம் பூசி ஆடினார். கொஞ்ச நாளில் மந்திரிக்கு மூக்கோரம் அதே பொருக்கு. பிறகு பெண் வேஷத்துக்கு வாயோரம். பெண் வேஷம் கட்டுகிறவன் கண்ணாடியை எடுத்து எடுத்துப் பார்த்து அழாத குறை. வரிசை என் இடது கன்னத்துக்கு வந்தபோது ஏரியூர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்று சேதி வந்தது.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். ஆத்தா விளையாடுகிறாள் என்றார் வாத்தியார். உடம்புச் சூடு என்றான் மந்திரி. சூடு தணிய எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். குளித்துவிட்டு, நல்ல பிள்ளைகளாக அந்தத் துணியிலேயே மூஞ்சியைத் துடைத்துக்கொண்டோம். கண்ணேறு என்றான் பெண் வேஷம். கண்ணேறு என்ற வார்த்தை வந்ததும் எல்லார் கண்ணும் கோமாளியின் மேல் போய் நின்றது. ஏனென்றால் அவன் மூஞ்சி மட்டும் பனங்குருத்து மாதிரி சுத்தமாக இருந்தது.

கோமாளி வீட்டில் கன்னடம் பேசுகிறவன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் தாத்தா காலத்தில் வந்தவர்கள். எதைச் சொன்னாலும் 'இர்லி பிடு' என்பான். இருக்கட்டும் விடு என்று அர்த்தம். வாத்தியார் அவனை நடுவில் நிறுத்திக் கற்பூரத்தை ஏற்றி, நீ ஏதாவது செய்வினை, வைப்பு வைத்தாயா, இல்லையென்றால் அணைத்துச் சத்தியம் செய் என்றார். அவன் இர்லி பிடு சொல்லவில்லை. கற்பூரத்தை உள்ளங்கையால் ஒரே அடியில் அணைத்தான். அப்புறம் சொன்னான்:

"நான் ஒண்ணுமே செய்யலீங்க வாத்தியாரே. நீங்கல்லாம் தொடச்சி முடிச்சி எங்கிட்ட வரப்ப அந்தத் துணி கொழகொழன்னு இருக்கும். எனக்குக் கொமட்டிக்கினு வரும். என் தலைத்துண்ட கெணத்துல அலசி அதுலயே தொடச்சிக்குவேன். மரியாதையா கடைசியில வச்சீங்க, மவராசனா இருக்கறேன்."

மந்திரி மெல்லத் துணியைப் பார்த்தான். நான் என் கன்னத்தைத் தொட்டேன். மரியாதை எந்த வரிசையில் போனதோ புண்ணும் அதே வரிசையில் போயிருந்தது. 'பந்திக்கு முந்தணும், படைக்குப் பிந்தணும்' என்பார்கள். அத்தோடு துணிக்கும் பிந்தணும் என்று அன்றைக்குச் சேர்த்துக்கொண்டோம்.

வாத்தியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. துணியைக் கொதிக்க வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, உன் வாயைக் கொதிக்க வைக்கிறேன் என்றார். நானும் கோமாளியும் மறுநாள் காலையில் கிளம்பிப் பென்னாகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த கம்பவுண்டர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிப்பில்லாத மனுஷன், ஆனால் பொறுமைசாலி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று புண்ணிலிருந்து கசிகிற இந்தத் தண்ணியில் இருக்கிறது, தண்ணி பட்ட துணி, தண்ணி பட்ட விரல், தண்ணி பட்ட தலையணை எதைத் தொட்டாலும் அது ஏறிக்கொள்ளும் என்றார். வெந்நீரும் சவுக்காரமும் போட்டுப் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டு, ஒரு ஊதா மருந்தைப் பூசினார். ஒரு குப்பியில் கையிலும் கொடுத்தார். புண் காயும் வரை அதன் மேல் சாயம் கூடாது, சொறியக் கூடாது, உன் துணி உனக்கு மட்டும் என்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்:

"எல்லாத்தையும் மறந்தாலும் இத மறக்காத. கொழந்தைங்கள தொடாத. அதுங்க தோலு கொழுந்து வெத்தல மாதிரி. ஒண்ணுக்கு வந்தா தெருவுக்கே வந்துடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் கோமாளி ஏதேதோ பேசினான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என் வேஷத்துக்கு வேலையே குழந்தைகளைத் தொடுவதுதானே.

வேஷத்தை வேறு ஆளுக்கு மாற்றலாமா என்று வாத்தியாரைக் கேட்டேன். மற்றவர்கள் மூஞ்சியிலும் புண். மூஞ்சி சுத்தமாக இருந்த ஒரே ஆள் கோமாளி, அவன் உடம்பு துவரைமார் குச்சி. அவனைக் களிக்குன்றின் பின்னால் உட்கார வைத்தால் தலைப்பாகைகூடத் தெரியாது. அதோடு, நான் வண்டியில் ஏறாமல் போனால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பையனுக்கு மூஞ்சியில் ஏதோ இருக்கிறதாம், மறைந்து திரிகிறானாம் என்று சேதி போகும். மூஞ்சியில் ஏதோ என்றால் அந்தக் காலத்தில் ஜனங்கள் நேராகப் பெரிய வியாதிக்கு, அதாவது குஷ்டத்துக்குத்தான் போவார்கள். நடுவில் சிரங்கு என்று ஒரு ஊர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஆகவே, குழந்தைகளை நீட்டும்போது எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று ஏறினேன். வலது பாதி மூஞ்சிக்குச் சிவப்பு. இடது கன்னம் ஊதா. கண்ணாடியில் பார்த்தபோது அத்திப்பழத்தைப் பாதி கடித்து வைத்தது போலிருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஊதாக் கன்னத்தான் வந்தான் என்று வண்டிக்கு முன்னால் ஓடினார்கள். நான் கதாயுதத்தை ஆட்டினேன், களியை உருட்டி உருட்டி விழுங்கினேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வண்டி நின்றது. பார்த்தால் மாட்டுத் தரகர் வீடு.

வாசலில் கோலம். பெண்ணின் அண்ணி புதுச் சீலையில் கைக்குழந்தையோடு நின்றாள். பக்கத்தில் பெண்ணின் அம்மா. கதவோரம் அந்தப் பெண். தெருவே அங்கே திரண்டிருந்தது. அண்ணி குழந்தையை இரண்டு கையிலும் தூக்கி என் பக்கம் நீட்டினாள். கொழுகொழுவென்று ஒரு ஆண் குழந்தை. அது என் மீசையைப் பிடிக்கக் கையை நீட்டிச் சிரித்தது.

நான் கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

வண்டியோடு நடந்து வந்த வாத்தியார் என் காதருகே வந்தார். வலது கன்னம் நல்லாத்தானே இருக்கிறது, அதில் வைத்து ஒரு தேய் தேய்த்துக் கொடுத்துவிடு, சம்பந்தத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது போலவும் பட்டது. ஆனால் காலையிலிருந்து என் விரல் எத்தனை தரம் இடது கன்னத்துக்குப் போய் வந்தது என்று எனக்குத்தான் தெரியும். சிரங்கு பிடித்தவன் கை. குழந்தையை வாங்க அந்தக் கையைத்தானே நீட்ட வேண்டும்?

பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். வசனமே இல்லாத வேஷத்தில் நான் பேசிய ஒரே வசனம் அதுதான்.

"அம்மா, எம்மூஞ்சில இருக்கறது சிரங்குங்க. தொட்டா ஒட்டிக்கும். கொழந்தய எங்கிட்ட குடுக்காதீங்க."

மேளம் நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ ஒருத்தி, சிரங்கா பெரிய வியாதியா யார் கண்டது என்றாள். அண்ணி குழந்தையை வெடுக்கென்று இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா, வாசலுக்கு வந்த புள்ளய வேணாம்னுட்டியே" என்றார்கள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. அப்படியே உள்ளே போய்விட்டார்கள். கதவோரத்தில் இருந்தவளும் இல்லை.

வண்டிக்காரன் என்னைப் பார்க்கிறான், நான் மாட்டைப் பார்க்கிறேன், மாடு களியைப் பார்க்கிறது. அப்போது கோமாளி சக்கரத்தில் கால் வைத்துத் தாவி மேலே வந்தான். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, பலசாலிக்கு இன்றைக்கு விரதம், குழந்தையைத் தொட்டால் பலம் அத்தனையும் அந்த ஒரு குழந்தைக்கே போய்விடும், மிச்சம் பிள்ளைகளுக்கு என்ன செய்வது, அதனால்தான் என்னைப் பங்கு போட அனுப்பியிருக்கிறார் என்று அளந்தான். தன் துண்டை நனைத்து எல்லாரும் பார்க்க மூஞ்சியையும் கையையும் அழுத்தித் துடைத்தான். பிறகு, யாரும் தொடாத புதுச் சாயப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டான். ஒரு தாய்க்கு மனசு இளகியது. குழந்தையைக் கொடுத்தாள். கோமாளியின் பல்லையும் முழியையும் கிட்டத்தில் பார்த்த குழந்தை வீறிட்டு அழுதது. அடுத்ததும் அழுதது. அன்றைக்கு அந்த ஊரில் அழாத குழந்தையே இல்லை. அழுகிற பிள்ளைக்குத்தான் பால், அழுங்க அழுங்க என்று அவன் எல்லாக் கன்னத்திலும் சிவப்பு வைத்து அனுப்பினான்.

தெருக் கோடியில் ஒரு அம்மா வண்டியை நிறுத்தினாள். இடுப்பில் இருந்த பெண் குழந்தையின் முழங்காலைக் காட்டி, தம்பி, உனக்கு இருக்கிறது இது மாதிரிதானா என்றாள். பார்த்தேன். அதே வெல்லப்பாகு. வெந்நீர், சவுக்காரம், தனித் துணி, பென்னாகரத்து ஊதா மருந்து என்று சொன்னேன். அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு மூன்று பேர், தங்கள் பிள்ளைகளின் காலையும் கையையும் தூக்கிக் காட்டினார்கள். தின்பதை விட்டுவிட்டு அன்றைக்கு வைத்தியம்தான் பேசிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் தீமிதி. வாத்தியார் அந்தத் துணியைத் துவைக்கவும் மாட்டேன் என்றார், துடைக்கவும் அவருக்கே இப்போது கை வரவில்லை. கடைசியில் அதை மஞ்சள் குங்குமம் வைத்து மரியாதையாகத் தீக்குழியில் போட்டார். எண்ணெய் ஊறிய துணி, ஆளுயரத்துக்கு எரிந்தது. துணிப் பஞ்ச காலத்தில் துணியை எரிக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வயிறெரிந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் ஜமாவில் அவரவர் துண்டு அவரவருக்கு என்றாயிற்று. கிழிந்த வேட்டியில் கால் பாகம், பழைய சீலைத் தலைப்பு என்று ஆளுக்கொன்று.

எனக்கு அதிலெல்லாம் மனசு இல்லை. பெண் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. என் அம்மா பேசாமல் இருக்கிறவள் இல்லை. பேச்சோடு பேச்சாகக் குத்துவாள். ஊர்க் குழந்தையெல்லாம் தொட்டவன் கட்டிக்கப் போறவ வூட்டுக் குழந்தையை வேண்டாம் என்றானாம் என்று உலக்கையோடு பேசுவாள், அம்மிக்கல்லோடு பேசுவாள். அப்பா, விடு, சிரங்கு காயட்டும் என்பார். சிரங்கு காய்ந்தது. பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் சிவந்து, பிறகு அதுவும் நிறம் கூடியது. பதில்தான் வரவில்லை.

முதல் மழை பெய்து, ஏர் பூட்டப் போகிற சமயம். நான் கலப்பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மாட்டுத் தரகர் எங்கள் வாசலில் வந்து நின்றார். இந்தப் பக்கம் சந்தைக்கு வந்தேன், உங்கள் வீட்டில் ஒரு காளை விலைக்கு இருப்பதாகச் சொன்னார்கள் என்றார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காளையே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்பா கட்டிலை இழுத்துப் போட்டார். அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, மாப்பிள்ளை இப்படி வெளிச்சத்துக்கு வாங்க என்றார். வந்தேன். தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். சுற்றி வந்தார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னாங்கண்ணா, மாப்பிள்ளய பாக்க வந்தீங்களா, மாட்ட பாக்க வந்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி, சந்தையில் விலை சொல்லுகிறவர் மாதிரி மெல்ல ஆரம்பித்தார்.

"நான் மீசை மொளைச்ச நாள்லருந்து சந்தைக்குப் போறேன், தங்கச்சி. விக்கற மாட்டுக்கு என்னா நோவுன்னு விக்கறவன் வாயத் தொறந்து சொல்லி நான் கேட்டதே இல்ல. உம் பையன் ஊர் முச்சூடும் கேக்கறாப்பல சொன்னான். என் வூட்டுக்காரிக்கு அன்னைக்குக் கோவம்தான். அப்பறம் பக்கத்து வூட்டுப் புள்ளைங்க நாலுக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு அதே சிரங்கு வந்துது. எம்பேரனுக்கு வரல. அவனத் தூக்கி வச்சிக்கினு அவதான் என்ன இங்க அனுப்பினா. சிரங்கு காஞ்சிருந்தா பேசிட்டு வா, காயலன்னா காஞ்சப்பறம் பேசு, பேசாம மட்டும் வராதன்னு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெற்றிலை பாக்குத் தட்டு எங்கே என்று அம்மாவைக் கேட்டார். அம்மா உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். இத்தனை நாள் உலக்கையோடும் அம்மிக்கல்லோடும் பேசியதெல்லாம் போக இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போலிருக்கிறது.

"எல்லாத்தையும் பாத்தீங்க. பல்ல மட்டும் ஏண்ணா வுட்டுட்டீங்க? அதையும் புடிச்சிப் பாத்துடுங்க."

"அது எதுக்குத் தங்கச்சி" என்றார் அவர். "அன்னைக்கு வண்டியில களி திங்கறப்பவே பாத்துட்டேன். பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எம்பொண்ணுக்குக் களி கிண்டித்தான் கை ஓயப்போவுது."